தீபாவளிக்கு வரும் பிள்ளைகளும் தீயும்



தீபாவளி நெருங்கிவிட்டால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடைகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் பை நிறைய சாமான்களோடு லயத்துக்கு வருவார்கள். அந்தச் சந்தோஷம் கெடாமல் இருக்க, தீயைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

முதலில் கொழும்பு. பண்டிகை நேரத்தில் சில கடைகளில் துணியும் அட்டைப்பெட்டியும் மாடிப்படி வரை அடுக்கியிருக்கும். மேல்மாடியில் பிள்ளைகள் படுத்திருப்பார்கள். தீப்பிடித்தால் நெருப்புக்கு முன்னே புகைதான் ஆளை மயக்கும். போனில் பேசும்போது ஒன்று கேளுங்கள்: "தம்பி, ராத்திரி கடையைப் பூட்டின பிறகு வெளியே வர வழி இருக்கா? சாவி யார்கிட்ட இருக்கு?" படி அடைபட்டிருந்தால் நாலு பேராகச் சேர்ந்து முதலாளியிடம் சொல்லட்டும். நுளம்புத்திரியைத் துணிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். புகை சூழ்ந்தால் தவழ்ந்து வெளியேற வேண்டும்.

பட்டாசை பஸ்ஸிலோ ரயிலிலோ கொண்டுவர வேண்டாம் என்றும் சொல்லுங்கள். நெரிசலில் ஒரு பை பற்றினால் ஓட இடமில்லை.

இனி நம் லயம். பல லயங்களில் காம்பராக்களுக்கு நடுவே உள்ள சுவர் கூரை வரை போவதில்லை. ஒரு வீட்டில் பிடித்த தீ, கூரை வழியே அடுத்த வீட்டுக்குப் போய்விடும். 2018 டிசம்பர் கடைசியில் டிக்கோயா போடைஸ் தோட்டத்தில் லயம் எரிந்து பல குடும்பங்கள் வீடிழந்தன. தீயணைப்புப் பிரிவின் இலக்கம் 110. ஆனால் மலைப்பாதையில் வண்டி வந்து சேர நேரமெடுக்கும். அதனால் வருமுன் காப்பதே நமக்கு வழி.

பலகாரம் சுடும்போது அடுப்பை விட்டுப் போகாதீர்கள். எண்ணெய் பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. எரியும் எண்ணெய் தெறித்துக் கூரைக்கு எழும்பும். சட்டியை மூடியால் மூடுங்கள். காஸ் என்றால் நிறுத்துங்கள், விறகு என்றால் வெளியே இழுங்கள். காஸ் மணம் வந்தால் கதவைத் திறந்துவிடுங்கள். லைட் சுவிட்சைத் தொடாதீர்கள்.

பட்டாசை லயத்துக்குத் தூரமாக, திறந்த வெளியில், பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கக் கொளுத்தட்டும். ஒரு வாளி தண்ணீர் இருக்கட்டும். உடுப்பில் தீப்பிடித்தால் ஓடாமல் தரையில் புரள வேண்டும். சுட்ட இடத்தை 20 நிமிஷம் குழாய்த் தண்ணீரில் பிடியுங்கள். பற்பசை, நெய் எதுவும் பூச வேண்டாம். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

கடைசியாக ஒன்று. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வாசலுக்குக் கிட்ட வையுங்கள். ஆனால் தீ பெருகிவிட்டால் அதற்காகவும் உள்ளே போகாதீர்கள். கடதாசியைத் திரும்ப எடுக்கலாம், உயிரை எடுக்க முடியாது.