எல்லையோர வகுப்பறைகள் – 9: தேர்வெழுத வராதவர்களின் கணக்கு

ஊட்டியிலிருந்து மைசூருக்குப் பேருந்தில் போகிறவர்களுக்குக் குண்டலுபேட்டை என்றால் பந்திப்பூர்க் காடு முடிந்ததும் வருகிற ஊர். வயநாடு வழியாக வரும் கோழிக்கோட்டுச் சாலை சேருவதும் இங்கேதான். ஓணத்துக்கு முந்தைய மாதங்களில் கேரளத்துக் குடும்பங்கள் காரை ஓரங்கட்டிவிட்டுச் செண்டுமல்லி, சூரியகாந்தி வயல்களில் நின்று படம் பிடித்துக்கொள்ளும். பழைய மைசூர் மாவட்டத்து ஊர் இது. 1997இல் சாமராஜநகர் தனி மாவட்டமானபோது அதனோடு போய்விட்டது.

கர்நாடகச் சட்டப்பேரவையின் முதல் பெண் சபாநாயகர் கே.எஸ். நாகரத்னம்மாவைத் தந்த தொகுதி குண்டலுபேட்டை. அவர் அந்த நாற்காலியில் அமர்ந்தது 1972இல். ஏறத்தாழ நாற்பது ஆண்டு கழித்து, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், சாமராஜநகர் மாவட்டத்தின் எழுத்தறிவு 61.43 சதவீதம். பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 55ஐ ஒட்டி. மாநிலச் சராசரியோ 75.36. மாவட்ட மக்களில் நான்கில் ஒருவர் பட்டியல் சாதியினர். நூறில் பன்னிரண்டு பேர் பழங்குடியினர். அரசு உயர்நிலைப் பள்ளியின் வகுப்பறைக்குள் நுழைகிறவர்கள் யார் என்பதை இந்த எண்களே பாதி சொல்லிவிடுகின்றன. கையில் காசு புரள்கிற வீட்டுப் பிள்ளைகள் மஞ்சள் பேருந்து ஏறித் தனியார் பள்ளிக்குப் போய்விட, மற்றவர்கள் இங்கே வருகிறார்கள்.

கர்நாடகத்தில் உயர்நிலைப் பள்ளி என்றால் எட்டு, ஒன்பது, பத்து, மூன்றே வருடம். அதன் முடிவில் 625 மதிப்பெண்ணுக்கு எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு. முடிவு வெளியாகும் நாளில் மாவட்ட வாரியாகத் தரவரிசை வரும். எந்த மாவட்டம் ஏறியது, எது இறங்கியது என்று தொலைக்காட்சிகள் அலசித் தீர்க்கும். கல்வி அலுவலர்கள் தலைமை ஆசிரியர்களைக் கூப்பிட்டு விளக்கம் கேட்பார்கள்.

அந்தத் தரவரிசையை எவ்வளவு நம்பலாம் என்பதை 2024 காட்டிக் கொடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டு மாநிலத் தேர்ச்சி 83.89 சதவீதம். 2024இல் தேர்வறைகளில் கேமரா பொருத்தி நேரலையில் கண்காணித்தார்கள். திருத்தி முடித்துப் பார்த்தபோது தேர்ச்சி சுமார் முப்பது புள்ளி சரிந்திருந்தது. அரசு பதறிப்போய், 10 சதவீதமாக இருந்த கருணை மதிப்பெண் வரம்பை 20 ஆக்கியது. அப்படியும் எட்டியது 73.40தான். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 91.55. இதைப் பார்த்து நாம் மார்தட்டிக்கொள்ள ஒன்றுமில்லை. வேலியை எந்த உயரத்தில் கட்டுவது என்பதை அந்தந்த அரசு தீர்மானிக்கிறது. தாண்டியவர் எண்ணிக்கை அதற்கேற்ப மாறுகிறது. கர்நாடகத்தில் 2025இல் அந்தக் கூடுதல் சலுகையை எடுத்தார்கள்; விகிதம் இன்னும் இறங்கியது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. தேர்ச்சி விகிதம் கணக்கிடும்போது எந்த எண்ணால் வகுக்கிறோம்? தேர்வு எழுதியவர் எண்ணிக்கையால். எட்டாம் வகுப்பில் சேர்ந்தவர் எண்ணிக்கையால் அல்ல. ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்பில் அறுபது பேர் சேர்ந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்புத் தேர்வறைக்கு வந்தவர்கள் ஐம்பது. தேறியவர்கள் நாற்பத்தைந்து. பள்ளியின் பெயர்ப் பலகைக்குப் பக்கத்தில் ‘90 சதவீதத் தேர்ச்சி’ என்று துணி கட்டுவார்கள். சேர்ந்தவர்களை வைத்துப் பார்த்தால் அது 75. இடையில் நின்ற பத்துப் பேர் யாருடைய கணக்கிலும் இல்லை. இன்னும் கூர்ந்து பார்த்தால், படிப்பில் பின்தங்கிய பிள்ளை நின்றுவிடுவது பள்ளியின் விகிதத்துக்கு லாபம். ஒரு ஆசிரியரும் இதை விரும்பிச் செய்வதில்லை. ஆனால் அந்தப் பிள்ளையைத் தேடி வீடு வரை போகும் ஆசிரியருக்கு இந்தக் கணக்கில் தண்டனைதான் மிச்சம்.

நிற்பவர்கள் ஏன் எட்டாம் வகுப்பை ஒட்டியே நிற்கிறார்கள்? கட்டாயக் கல்விச் சட்டம் 14 வயது வரைதான். எட்டாம் வகுப்போடு அதன் கை நீள்வது முடிந்துவிடுகிறது. மத்திய அரசின் மதிய உணவுத் திட்டமும் அங்கேயே நிற்கிறது. கர்நாடகம் தன் செலவில் ‘அக்ஷர தாசோஹா’ சாப்பாட்டைப் பத்தாம் வகுப்பு வரை நீட்டியிருப்பது பெரிய காரியம். சாப்பாடு இழுத்து வரும் பிள்ளைகள் இன்னும் உண்டு.

குண்டலுபேட்டைத் தாலுகாவுக்கென்று தனிக் காரணங்களும் உண்டு. பந்திப்பூர் 1973இல் புலிகள் காப்பகமானபோது காட்டுக்குள் இருந்த ஜேனு குருபர், காடு குருபர், சோலிகர் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. இன்று காட்டோர ஹாடிகளில், அதாவது பழங்குடிக் குடியிருப்புகளில், இருப்பவர்கள் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும். நிலம் இல்லை, இருந்தாலும் அரை ஏக்கர், ஒரு ஏக்கர். கூலிதான் பிழைப்பு. கார்த்திகை பிறந்தால் குடகுக்கும் வயநாட்டுக்கும் காப்பிப் பழம் பறிக்கக் குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்கள். மாசி வரை அங்கேதான். எஸ்.எஸ்.எல்.சி. பிள்ளைகளுக்கு மாதிரித் தேர்வும் சிறப்பு வகுப்பும் நடப்பது அதே மாதங்களில். வருகைப் பதிவேட்டில் டிசம்பர், ஜனவரி பக்கங்களைப் புரட்டினாலே யார் வீட்டில் காப்பி வேலை, யார் வீட்டில் இல்லை என்று தெரிந்துவிடும். பாட்டியோடு விட்டுப் போன பிள்ளைகளின் பெயருக்கு நேரே வருகை இருக்கும். கூடவே போன பிள்ளைகளின் வரிசையில் வராத குறி போட்டுப் போட்டுக் கட்டம் நிறைந்திருக்கும்.

காட்டோரப் பயிர்ச்செய்கைக் குடும்பங்களின் கதை வேறு. பொழுது சாய்ந்தால் யானை இறங்கும். வீட்டில் ஒருவர் பரணில் படுத்துக் காவல் காக்க வேண்டும். அப்பாவுக்குப் பிறகு அந்த வேலை மூத்த பையனுக்கு. பள்ளியில் மாலை ஆறு மணி வரை சிறப்பு வகுப்பு வைத்தால், ஹங்களா, மங்கலா பக்கத்துப் பிள்ளைகள் இருட்டில் எப்படி ஊர் திரும்புவது? காலையில் சீக்கிரம் வைத்தாலும் அதே பயம். சிறப்பு வகுப்பு நேரத்தைப் பெங்களூரில் உட்கார்ந்து சுற்றறிக்கையில் எழுதுகிறவர்களுக்கு யானையின் நேரம் தெரியாது.

பையன்கள் பின்தங்குவதற்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு. 2024இல் மாநில அளவில் பெண்கள் 81.11 சதவீதம் தேற, ஆண்கள் 65.90இல் நின்றார்கள். 2023 ஜூனிலிருந்து ‘சக்தி’ திட்டத்தில் பெண்களுக்கு அரசுப் பேருந்தில் கட்டணம் இல்லை. டவுனுக்குப் போய்ப் படிப்பதற்குச் செலவு ஆகும் என்று மகளை நிறுத்திவைக்கிற வீட்டுக்கு ஒரு சாக்குக் குறைந்தது.

இனி, பழங்குடி என்ற ஒற்றைக் கட்டத்துக்கு வருவோம். பள்ளிப் புள்ளிவிவரப் படிவத்தில் பொது, பிற்பட்டோர், பட்டியல் சாதி, பழங்குடி என்று கட்டங்கள் இருக்கின்றன. இந்தப் பகுதியில் பழங்குடி என்ற கட்டத்துக்குள் பெருந்தொகையாக இருப்பவர்கள் நாயகர்கள். 1991இல் நாயக, பேடர், வால்மீகி என்ற பெயர்களும் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்தன. ஊருக்குள் வீடு, நிலம், அரசியலில் ஆள் என்று ஓரளவு நிலைகொண்ட சமூகம். அவர்களிலும் ஏழைகள் உண்டு. அதே கட்டத்தில்தான் மிகவும் பின்தங்கிய பழங்குடி என்று மத்திய அரசே தனியாகக் குறித்துவைத்திருக்கும் ஜேனு குருபரும் இருக்கிறார்கள். பழங்குடி மாணவர் தேர்ச்சி எழுபது சதவீதம் என்று ஒரு பள்ளி அறிக்கை அனுப்பினால், அதில் ஹாடிப் பிள்ளை ஒருவர்கூட இல்லாமலும் போகலாம். படிவம் அதைக் காட்டாது.

ஹாடிப் பிள்ளைகளில் பலர் படிப்பைத் தொடங்குவது ஆசிரமப் பள்ளியில். அங்கே தங்குமிடமும் சாப்பாடும் உண்டு. கூடப் படிப்பவர்கள் எல்லாரும் சொந்தக்காரப் பிள்ளைகள். பெரும்பாலான ஆசிரமப் பள்ளிகள் தொடக்க வகுப்புகளோடு நின்றுவிடும். பிறகு டவுன் விடுதி, டவுன் பள்ளி. வீட்டில் பேசும் மொழி ஒன்று, வகுப்பில் கேட்கும் கன்னடம் வேறு. தீபாவளிக்கு ஊருக்குப் போனவர் திரும்பி வராமல் போவது இந்தத் திருப்பத்தில்தான். இதே மாவட்டத்தில் பிளிகிரி ரங்கன மலையில் டாக்டர் எச். சுதர்சன் தொடங்கிய விவேகானந்த கிரிஜன கல்யாண கேந்திரம் இந்தத் திருப்பத்தையே இல்லாமலாக்கியது. சோலிகர் குடியிருப்புகளுக்கு நடுவிலேயே உயர்நிலை வகுப்பு வரை பள்ளி நடத்தினார்கள். சோலிகர் சமூகத்திலிருந்து சி. மாதேகௌடா போன்ற முனைவர்கள் வந்தார்கள். நம் பக்கம் கூடலூரில் பழங்குடிப் பிள்ளைகளுக்கென்றே இயங்கும் வித்யோதயா பள்ளியும் சொல்வது இதைத்தான்: பிள்ளை ஊரைவிட்டுப் பிரியாமல், தன் ஆட்களிடமிருந்தே படித்தால் நிற்பது குறையும்.

எல்லா ஊரிலும் மலைமேல் பள்ளி கட்ட முடியாது என்பார்கள். சரி. செலவே இல்லாத ஒன்றைக் கேட்போம். கர்நாடக அரசிடம் ஒவ்வொரு மாணவருக்கும் தனி எண் தந்து பின்தொடரும் ‘சாட்ஸ்’ பதிவேடு இருக்கிறது. எட்டாம் வகுப்பில் சேர்ந்தவர் யார், அவர் இன்று எங்கே என்பது அதில் இருக்க வேண்டிய தகவல். தேர்ச்சிப் பட்டியல் வெளியிடும்போது, மூன்று வருடத்துக்கு முன் எட்டாம் வகுப்பில் சேர்ந்தவர் எண்ணிக்கையையும் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். பழங்குடிக் கட்டத்தைச் சமூகவாரியாகப் பிரித்துக் காட்ட வேண்டும். இந்த இரண்டும் நடந்தால் பல ‘நூறு சதவீத’ப் பள்ளிகள் வரிசையில் இறங்கும். காப்பித் தோட்டம் வரை போய்ப் பிள்ளையைக் கூட்டிவந்த பள்ளி, அறுபது சதவீதத்தோடு இருந்தாலும், மேலே ஏறும். முதல் வரிசை எந்தப் பள்ளிக்கு என்று அப்போது பேசலாம்.

(தொடரும்)