வீண் பொருளில் விளையும் இதயங்கள்

பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதயத்தின் வடிவத்தை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. வீட்டுச் சுவரிலுள்ள திரு இருதயப் படத்திலும், வாழ்த்து அட்டையிலும், பாட்டியின் வெற்றிலைத் தட்டிலும், (அருட்சகோதரிகள் மன்னிப்பார்களாக!) மாமாவின் சீட்டுக்கட்டிலுள்ள ஆட்டினிலும் அதைப் பார்த்துப் பழகியிருக்கிறார்கள். உண்மையான இதயம் அப்படி இராது, மூடிய கையளவில், சற்றே சாய்ந்த கூம்பு போல இருக்கும் என்று உயிரியல் ஆசிரியை சொல்வார். இருக்கட்டும். எழுதப் படிக்கத் தெரியாத குழந்தையும் அன்பைச் சொல்வதற்கு இந்த உருவம் போதும். ஆகவே நான்கு முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கைவேலை தொடங்க இது மிகவும் ஏற்றது. வீட்டில் தம்பி, தங்கை உள்ள மாணவியரும், விடுமுறை நாளில் "என்ன செய்வது, அம்மா?" என்று நச்சரிக்கும் பிள்ளைகளைப் பெற்ற தாய்மாரும் செய்து பார்க்கத்தக்க சிலவற்றை இங்கே சொல்கிறேன். எதற்கும் கடைக்குப் போக வேண்டாம்.

கடைக்குப் போக வேண்டாம் என்பதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன். கண்காட்சிக்கென்று கழிவுப் பொருளில் ஏதேனும் செய்யப் புகுந்து, ஒரு பழைய அட்டைப்பெட்டியை அலங்கரிக்கப் புதிய தெர்மோகோல் பலகை, மினுக்குத் தூள், செல்லோடேப், பிளாஸ்டிக் பூ எல்லாம் வாங்கி வருவது இன்று வழக்கமாகிவிட்டது. கண்காட்சி முடிந்ததும் அத்தனையும் ஒன்றாகக் குப்பைக்குப் போகிறது. சமவெளியிலேயே இது தொல்லை. மலையில் இன்னும் பெருந்தொல்லை. இங்கே சரிவில் எறிந்தது மழையோடு ஓடைக்கு இறங்கும். குப்பைத் தொட்டியை மோப்பம் பிடித்துக் காட்டெருமையும் கரடியும் வருவதைக் குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தமிழகம் முழுவதும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது 2019 ஜனவரி 1 முதல்தான். நீலகிரி மாவட்டத்திலோ அதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் முன்னதாகவே பிளாஸ்டிக் பைகளைத் தடுத்துவிட்டார்கள்.

குன்னூரில் ஓட்டுப்பட்டறைக் குப்பைக் கிடங்கில், 'கிளீன் குன்னூர்' என்ற தன்னார்வ அமைப்பினர் நகராட்சியுடன் சேர்ந்து குப்பையைத் தரம் பிரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பணியைச் செய்திருக்கிறார்கள். கையால் குப்பை பிரிப்பவர்களின் வேலையை நினைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். சுத்தமான காகிதம் காகிதத்தோடு சேரும். அதே காகிதத்தில் டேப்பும் மினுக்கும் ஒட்டியிருந்தால் அது எதிலும் சேராது. நாம் செய்யும் இதயமும் என்றாவது ஒரு நாள் குப்பைக்குப் போகப்போவதுதான். போகும்போது யாருக்கும் பாரமாகப் போகக்கூடாது. எனவே கீழே சொல்பவை யாவும் பழைய காகிதத்தையும் அடுக்களைப் பொருள்களையும் கொண்டே ஆனவை (ஓர் ஆணியைத் தவிர, அதைப் பிறகு சொல்கிறேன்).

பசைக்கு ஒரு கரண்டி மைதாவை நீரில் கரைத்துக் காய்ச்சினால் போதும். சுவரொட்டிப் பசை பூச்சி அரிக்காதிருக்க அதில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது நஞ்சு; குழந்தைகள் கைபடும் பசையில் கூடவே கூடாது. அன்றன்று காய்ச்சி அன்றன்றே தீர்த்துவிடுங்கள்.

இனி வடிவம். ஆசிரியையே இதயத்தை வெட்டிக் கொடுத்து, குழந்தை அதற்கு வண்ணம் மட்டும் தீட்டினால், அது ஆசிரியையின் இதயமே தவிரக் குழந்தையுடையதன்று. கோணலாக இருந்தாலும் அவளே வெட்டட்டும். போன ஆண்டின் மாதக் காலண்டர்த் தாளை இரண்டாக மடித்து, மடிப்பின் ஓரமாகப் பாதி இதயத்தை வரைந்து, முனை மழுங்கிய கத்தரிக்கோலால் வெட்டச் சொல்லுங்கள். பிரித்ததும் இரு பக்கமும் ஒன்றாய் இருப்பதைக் கண்டு அந்த முகம் மலர்வதைப் பாருங்கள்! மடிப்பில்லாத பக்கம் வரைந்துவிட்டால் இரண்டு தனித்தனிப் பாதிகள் வரும். அதற்காகக் கோபிக்க வேண்டாம். ஏன் அப்படி வந்தது என்று அவளே இரண்டாம் முறை கண்டுபிடிப்பாள்.

மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இன்னொரு வழி உண்டு. ஒரு சதுரத்தை முனை கீழே வரும்படி சாய்த்து வையுங்கள். மேலேயுள்ள இரண்டு பக்கங்களிலும் ஒவ்வோர் அரைவட்டத்தை ஒட்டவைத்தால் அதுவே இதயம். டப்பா மூடி ஒன்றை எடுத்து, அதன் குறுக்களவைச் சதுரத்தின் பக்கமாகக் கொண்டால் கணக்குப் பெட்டியே தேவையில்லை.

இந்தச் சதுரமும் அரைவட்டமும் சேர்ந்தே டென்மார்க் நாட்டில் ஒரு அழகான கைவேலையைத் தந்திருக்கின்றன. இரண்டு வண்ணக் காகிதங்களைப் பாய் முடைவதுபோல் பின்னி, உள்ளே பை போல விரியும் இதயத்தைச் செய்து, கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடுவது அங்குள்ள வழக்கம். 'அழகற்ற வாத்துக்குஞ்சு' கதையை எழுதிய ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் காகிதம் வெட்டுவதிலும் கைதேர்ந்தவர். அவர் 1860-இல் செய்ததாகச் சொல்லப்படும் இத்தகைய இதயம் ஒன்றைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

நாம் அதைக் காலண்டர்த் தாளிலேயே செய்வோம். 19 செ.மீ. நீளமும் 6 செ.மீ. அகலமும் உள்ள இரண்டு துண்டுகள் வேண்டும். ஒன்றில் படப்பக்கம் வெளியே தெரியட்டும், மற்றதில் வெள்ளைப் பக்கம். ஒவ்வொன்றையும் நீளவாக்கில் பாதியாக மடியுங்கள். இப்போது 9½ செ.மீ. நீளம் இருக்கும். திறந்த முனையை அரைவட்டமாக வெட்டுங்கள். பிறகு மடிப்பிலிருந்து மேல்நோக்கி, 6½ செ.மீ. நீளத்துக்கு, சம இடைவெளியில் இரண்டு வெட்டுகள். ஆக ஒவ்வொன்றிலும் மூன்று பட்டைகள். கவனியுங்கள்: ஒவ்வொரு பட்டையும் இரட்டைத் தாளாலான வளையம். இரண்டையும் குறுக்காகப் பிடித்து, ஒன்றின் முதல் பட்டையை மற்றதன் முதல் வளையத்துக்கு உள்ளே நுழையுங்கள்; அடுத்த வளையத்தை இந்தப் பட்டைக்குள் விடுங்கள்; மூன்றாவதற்கு மறுபடியும் உள்ளே. இரண்டாம் பட்டைக்கு இதையே மாற்றிச் செய்ய வேண்டும். மூன்றாம் பட்டை முதலாவதைப் போல. சாதாரணப் பாயில் மேலும் கீழுமாய்ப் போவது, இங்கே உள்ளும் வெளியுமாய்ப் போகிறது. அவ்வளவுதான் இரகசியம். கைப்பிடிக்கு ஒரு பட்டையை மைதாப் பசையால் ஒட்டிவிட்டால் கடலையும் மிட்டாயும் வைக்கும் பை ஆயிற்று. ஆறு வயதுக்கு உட்பட்டோருக்கு ஒரே வெட்டு, இரண்டே பட்டை போதும். முதல் முறை தாள் கிழியத்தான் செய்யும். ஒரு காலண்டரில் பன்னிரண்டு தாள்கள் இருக்கின்றனவே!

கையில் பிசுபிசுப்பு வேண்டும் என்கிற பிள்ளைகளுக்குக் காகிதக் கூழ். நம் பாட்டிமார் பழைய காகிதத்தை ஊறவைத்து, வெந்தயமும் சேர்த்து ஆட்டுக்கல்லில் அரைத்து, கவிழ்த்த குடத்தின்மேல் அப்பிக் காயவைத்துக் கூடை செய்தார்கள். வெந்தயத்தின் பிசின் கூழைப் பிடித்து நிற்கும்; அதன் கசப்புக்குப் பூச்சி அண்டாது என்பார்கள். விலைகொடுத்து வாங்கும் பசை எதுவும் அதில் கிடையாது. அதே கூழை நாம் கூடைக்குப் பதில் இதயமாக்கலாம். வழவழப்பான தாள் இதற்கு உதவாது; செய்தித்தாளும் பழைய நோட்டுத் தாளும் நன்கு ஊறும். துண்டு துண்டாகக் கிழிப்பதும் பிழிவதும் குழந்தைகளின் பங்கு, அரைப்பது பெரியவர்களின் பங்கு. கவிழ்த்துப் போட்ட தட்டில் சிறிது எண்ணெய் தடவி, கூழை அரை விரல் கனத்துக்கு இதய வடிவில் பரப்பி, துணியால் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டால் முடிந்தது. நடுவே விரலால் அழுத்திப் பள்ளம் செய்தால் பொத்தான், கொண்டை ஊசி வைக்கும் சிறு தட்டாகும்.

ஆனால் நம் ஊரில் இதற்குக் காலம் பார்க்க வேண்டும். ஜூன் மாதம் பள்ளி திறந்த கையோடு, மழையும் மூடுபனியுமாக இருக்கும்போது செய்தால், நான்காம் நாள் இதயத்தில் பூஞ்சணம் பூத்திருக்கும். ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள வெயிலே கூழ் வேலைக்கு உகந்தது. மழைக்காலத்தில் செய்தே தீர வேண்டுமானால் தட்டை அடுப்புக்கு மேலுள்ள பரணில் வையுங்கள். பின்னல் இதயத்தை எந்த மழையிலும் செய்யலாம்.

கடைசியாக வண்ணம். தேயிலை மலையில் இருந்துகொண்டு வண்ணத்துக்கு அலைவானேன்? வடிகட்டி எறியும் தேயிலைச் சக்கையை மறுபடி நீர்விட்டுக் கொதிக்கவைத்தால் நல்ல பழுப்புச் சாறு கிடைக்கும். பாலும் சர்க்கரையும் சேராத சக்கையாக இருக்க வேண்டும், இல்லையேல் எறும்புகளே முதல் விருந்தாளிகள். ஆறியபின் காகித இதயங்களை அதில் ஒரு மணி நேரம் ஊறவைத்து உலர்த்துங்கள்.

இப்போது அந்த ஆணி. துருப்பிடித்த ஆணி ஒன்றைச் சிறிது வினிகரில் ஒரு வாரம் போட்டு வைத்தால் அதிலுள்ள இரும்பு கரைந்து நீரில் சேரும். இதைப் பெரியவர்களே செய்து, ஆணியை எடுத்துவிட்டு நீரை மட்டும் கொடுக்க வேண்டும். துவர்ப்பைத் தரும் டானின் என்ற பொருள் தேயிலையில் நிறைய உண்டு. அதனுடன் இரும்பு சேர்ந்தால் கறுப்பாகும். தேயிலையில் தோய்த்த இதயத்தின்மேல் இந்த நீரைக் குச்சியால் தொட்டு எழுதச் சொல்லுங்கள். எழுத எழுதவே பழுப்புத் தாளில் கருநிற எழுத்துத் தோன்றும். குழந்தைகள் இதை மந்திரம் என்பார்கள். தமிழகத்துக் கருப்பூரிலும் ஆந்திரத்துக் காளஹஸ்தியிலும் கலம்காரி எழுதுவோர் கையாளும் முறையும் இதற்கு உறவுதான்: அவர்கள் கடுக்காய் ஏற்றிய துணியில், வெல்லமும் பழைய இரும்பும் பல நாள் ஊறிய நீரால் கறுப்புக் கோடுகளை இழுக்கிறார்கள். கடுக்காயின் துவர்ப்பும் தேயிலையின் துவர்ப்பும் ஒரே இனம்.

துணியில் அந்தக் கறுப்பு எத்தனை முறை துவைத்தாலும் போகாது என்பதால்தான் அவர்கள் அதை விரும்புகிறார்கள். ஆகையால் சிறு பிள்ளைகளுக்குப் பழைய சட்டை ஒன்றை மேலே மாட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்; வெள்ளைச் சீருடை அணியும் நாளில் வேண்டவே வேண்டாம்.