வேரைக் கேட்டு வாங்குவோம்

நாக்பூர் ஆரஞ்சின் சுவையை நாம் அறிவோம். அம்மரத்தின் வேர் வேறோர் இனத்தினுடையது என்பதை நம்மில் பலர் அறியோம். விதர்பாவில் பெரும்பாலும் ஜம்பேரி எலுமிச்சை நாற்றின் மீதே ஆரஞ்சு மொட்டை ஒட்டுகின்றனர். கரிசல் மண்ணில் நீர் தேங்கும்போது, பூஞ்சையை ஒத்த பைட்டோப்தோரா என்னும் நுண்ணுயிரி வேரை அழுகச் செய்கிறது. அடிமரத்தில் பிசின் வடிகிறது. மரம் சிறிது சிறிதாக நலிந்து மடிகிறது.

மூவிலை ஆரஞ்சு இந்நோயைத் தாங்கும். எனினும் சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் செழிக்காது. ரங்பூர் எலுமிச்சை அம்மண்ணைத் தாங்கும். எனவே ஆய்வாளர்கள் இவ்விரண்டையும் கலப்புச் செய்கின்றனர். பணி எளிதன்று. எலுமிச்சை இனங்களில் ஒரே விதையிலிருந்து பல நாற்றுகள் முளைக்கும். அவற்றுட் பெரும்பாலானவை தாய்மரத்தின் நகல்களே. உண்மையான கலப்பு நாற்றை மரபணுச் சோதனையால் பிரித்தறிந்து, நோய்க்கிருமியுள்ள மண்ணில் வளர்த்து, பின்னர் ஒட்டுக்கட்டிப் பல ஆண்டுகள் விளைச்சலைக் கணிக்க வேண்டும்.

ஆரஞ்சு காய்க்கத் தொடங்கவே நான்கைந்து ஆண்டுகள் ஆகும். கடன் பெற்றுத் தோட்டம் அமைப்போர்க்குக் கன்றின் விலையினும் வேரின் தன்மையே முதன்மையானது. வாங்குமுன் எவ்வேரில் ஒட்டியது எனக் கேட்போம்; நடும்போது ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலிருக்கச் செய்வோம்.