பிராசசரைக் கடைசியில் கேளுங்கள்

கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறோம் என்றதும் கடைக்காரரும் நண்பர்களும் கேட்கும் முதல் கேள்வி, ‘ஐ5-ஆ, ஐ7-ஆ?’ என்பதுதான். பணம் தாராளமாக உள்ளவருக்கு எந்தக் கேள்வி முதலில் வந்தாலும் ஒன்றுதான். அறுபதாயிரம் ரூபாயைச் சுற்றிக் கணக்குப் போடும் வீட்டுக்கு, அதுவும் குற்றாலத்துக்குக் கிழக்கே உள்ள பாவூர்சத்திரம் போன்ற ஊரில், இந்தக் கேள்வி பணத்தை வேண்டாத இடத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். கம்ப்யூட்டருக்கு இரண்டு முனைகள் உண்டு. ஒன்று கண்ணுக்கு எதிரே இருக்கும் திரை. மற்றது சுவரில் இருக்கும் பிளக் பாயிண்ட். இவ்விரண்டையும் முதலில் முடிவு செய்துவிட்டால் நடுவில் உள்ள பாகங்கள் பெரும்பாலும் தாமாகவே முடிவாகிவிடும். திரையை நாம் தேர்ந்தெடுக்கிறோம். பிளக்கில் வரும் கரண்டை ஊர் தேர்ந்தெடுக்கிறது. பட்டியலில் பிராசசருக்கு உரிய இடம் கடைசிதான்.

முதலில் திரை. விளையாட்டு என்பது கம்ப்யூட்டருக்கு ஓயாமல் படம் வரையும் வேலை. 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் நொடிக்கு 60 படங்கள் காட்டுகிறது; அப்படியானால் ஒரு படத்தை வரைந்து முடிக்கக் கிடைக்கும் அவகாசம் சுமார் 17 மில்லிசெகண்ட். 100 ஹெர்ட்ஸ் என்றால் 10, 144 ஹெர்ட்ஸ் என்றால் 7 மில்லிசெகண்ட்தான். இனி, ஒரு படத்தில் எத்தனை புள்ளிகள்? 1920-க்கு 1080 என்ற சாதாரண ஃபுல் எச்டி திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம். 2560-க்கு 1440 திரையில் 36.9 லட்சம். ‘ஃபோர்கே’ திரையில் 82.9 லட்சம், அதாவது ஃபுல் எச்டியைப்போல் சரியாக நான்கு மடங்கு. வரைய வேண்டிய வேலையும் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் ஏறும். ‘டிவியாகவும் பயன்படுமே’ என்று பெரிய ஃபோர்கே திரையை வாங்கி, அதற்குச் சின்ன கிராபிக்ஸ் கார்டைப் பொருத்தும் வீடுகள் சறுக்குவது இந்த இடத்தில்தான். பட்ஜெட்டுக்கு ஏற்றது ஃபுல் எச்டி, 100 ஹெர்ட்ஸை ஒட்டிய மானிட்டர். இதைத் தாண்டி ஆசைப்பட்டால் மற்ற எல்லா பாகங்களுக்கும் செலவு கூடும்.

திரை முடிவானதும் கிராபிக்ஸ் கார்டு தானாக வந்து நிற்கும். ஃபுல் எச்டிக்கு 8 ஜிபி நினைவகமுள்ள கார்டைக் குறைந்தபட்ச எல்லையாக வைப்பது நல்லது. 2021 அக்டோபரில் வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 6600 அந்த அளவுக்கு ஒரு நல்ல உதாரணம். 132 வாட்தான் எடுக்கும். அடுத்த சில மாதங்களில், 2022 ஜனவரியில், அந்தக் கார்டின் நிறுவனமே விலை குறைந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியை வெளியிட்டது. அதில் 4 ஜிபிதான் இருந்தது. மதர்போர்டோடு பேசும் பிசிஐ எக்ஸ்பிரஸ் வழித்தடங்களும் நான்காகச் சுருக்கப்பட்டிருந்தன. புதிய பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 போர்டில் அந்தக் குறை அவ்வளவாகத் தெரியவில்லை. 3.0 மட்டுமே உள்ள பழைய, மலிவான போர்டில் போட்டால், நினைவகம் நிரம்பியவுடன் வேகம் சட்டென்று விழுந்தது. மலிவான போர்டு வைத்திருப்பவருக்காக வந்த மலிவான கார்டு அந்த போர்டில்தான் மோசமாக ஓடியது! பாகங்களைத் தனித்தனியாக மலிவு பார்த்து வாங்கினால் நேர்வது இதுதான்.

இனி மறுமுனையான பிளக் பாயிண்ட். செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று இறங்கும் ஊர்கள் இவை. குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டுவரும் காற்று, கிழக்கே வரவர ஈரம் குறைந்து, வேகமும் புழுதியுமாகப் பாவூர்சத்திரத்தைத் தாண்டிப் போகிறது. சுரண்டை பக்கம் நிற்கும் காற்றாலைகள் அதன் சாட்சி. கண்ணெதிரே காற்றாலை சுற்றுகிறது என்பதற்காக வீட்டில் கரண்ட் நிலையாக இருக்கும் என்று சொல்ல முடியாது. அந்த மின்சாரம் தொகுப்புக்குப் போகிறது, வீட்டுக்கு வருவது தெருக்கம்பி வழியாக. மரக்கிளை உரசினால் ஒரு கணம் விளக்கு மினுக்கும். இந்த ஒரு கணத்தைத் தாங்க வேண்டிய பாகம் எஸ்எம்பிஎஸ். அது 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை வாங்கி, நேர்மின்னோட்டமாக்கி, ஒரு பெரிய கெபாசிட்டரில் சேர்த்து, அங்கிருந்து 12 வோல்ட்டாக வெட்டிக் கொடுக்கிறது. கரண்ட் நின்றாலும் அந்தக் கெபாசிட்டரில் உள்ள இருப்பு சுமார் 17 மில்லிசெகண்ட் தாங்க வேண்டும் என்பது ஏடிஎக்ஸ் விதி. ஒரு படம் வரையக் கிடைக்கும் அதே அவகாசம் என்பது தற்செயல்தான், ஆனால் நினைவில் வைத்துக்கொள்ள வசதியானது. ஆஃப்லைன் யுபிஎஸ் பேட்டரிக்கு மாற வழக்கமாக 10 மில்லிசெகண்டுக்குள் எடுத்துக்கொள்ளும். நல்ல எஸ்எம்பிஎஸ் அதைக் கடந்துவிடும். கெபாசிட்டரில் சிக்கனம் பிடித்த எஸ்எம்பிஎஸ் கடக்காது, யுபிஎஸ் இருந்தும் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். பழி யுபிஎஸ் மேல் விழும். வீட்டு இன்வெர்ட்டரை நம்பியிருப்பவர்கள் அதிலுள்ள சுவிட்ச் ‘யுபிஎஸ்’ பக்கம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மற்ற பக்கத்தில் அது மாறுவதற்கு இன்னும் நேரமெடுக்கும்.

கேபினட்டோடு இலவசமாக வரும் ‘450 வாட்’ எஸ்எம்பிஎஸ்ஸை நம்பலாமா என்று அதன் பக்கவாட்டு ஸ்டிக்கரே சொல்லிவிடும். 12 வோல்ட்டுக்கு நேரே 16 ஆம்பியர் என்று இருந்தால், பெருக்கிப் பாருங்கள்: 192 வாட். இன்றைய பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் கிட்டத்தட்ட முழுக்க 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. மீதி வாட்டெல்லாம் 3.3, 5 வோல்ட் வரிகளில் கணக்குக்காகக் கிடப்பவை. மேலே சொன்ன கார்டுக்கு 132, ஆறு கோர் பிராசசருக்கு எண்பதுக்கு அருகே, மற்றவற்றுக்கு ஐம்பது என்று வைத்தால் 260 வாட்டைத் தாண்டிவிடுகிறது. ஆகவே 12 வோல்ட்டிலேயே 400 வாட்டுக்கு மேல் தரும் நல்ல 450 அல்லது 550 வாட் போதும். 750 வாட் என்ற எண்ணுக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. உள்ளீட்டு வரியில் 100–240 வோல்ட் என்று இருப்பதாகப் பார்த்து வாங்கினால் லோ வோல்டேஜுக்குத் தனியாக ஸ்டெபிலைசர் தேவைப்படாது. விலை குறைந்தவற்றில் பல 200-லிருந்துதான் தொடங்குகின்றன. இன்னொன்று: கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறது, டெஸ்டர் வைத்தால் எரிகிறது என்றால் எஸ்எம்பிஎஸ் கெட்டுவிட்டது என்று பொருளாகாது. அதன் முகப்பிலுள்ள வடிகட்டிக் கெபாசிட்டர்கள் சிறு கசிவை எர்த் கம்பிக்கு அனுப்பும்படியே அமைக்கப்பட்டவை. எர்த் இல்லாத வீட்டில் அது கேபினட் தகட்டிலேயே தங்கிவிடும். பழைய வீடானால் கிராபிக்ஸ் கார்டுக்கு முன் எலக்ட்ரீஷியனைத்தான் கூப்பிட வேண்டும்.

பிராசசரைக் கடைசிக்குத் தள்ளுவதை ஏற்காதவர்கள் சொல்லும் காரணம் வலுவானது. மதர்போர்டும் ரேமும் பிராசசரைச் சார்ந்தவை. அதை முதலில் முடிவு செய்யாமல் எப்படி? மேலும் வேலரண்ட் போன்ற விளையாட்டுகளில் வேகத்தைத் தீர்மானிப்பது பிராசசர்தான். இரண்டும் உண்மை. கேரளாவுக்குப் போகும் காய்கறி லாரி எவ்வளவு பெரியதானாலும், பாவூர்சத்திரம் சந்தையில் மூட்டை ஏற்றும் ஆள் மெதுவாக இருந்தால் நேரத்துக்குப் புறப்படாது; எதை வரைய வேண்டும் என்று கார்டுக்கு எடுத்துக் கொடுக்கும் பிராசசரின் நிலை அதுதான். ஆனால் ஏற்றும் ஆள் லாரியின் அளவுக்குப் போதுமானவராக இருந்தால் சரி. நொடிக்கு நூறு படங்களுக்கு எடுத்துக் கொடுக்க, 2022-இல் வந்த ரைசன் 5 5600 அல்லது கோர் ஐ5 12400எஃப் பெரும்பாலான விளையாட்டுகளில் போதும். இரண்டுமே ஆறு கோர். அதற்கு மேல் ஐ7-க்குக் கொடுக்கும் பணம் 100 ஹெர்ட்ஸ் திரையில் கண்ணுக்குத் தெரியாது. மதர்போர்டின் எதிர்காலம் என்ற வாதத்துக்கும் இடமுண்டு: ரைசன் பிராசசர் அமரும் ஏஎம்4 சாக்கெட் 2016-இல் வந்து பல தலைமுறை பிராசசர்களை ஏற்றது. ஆனால் அது பிராசசர் குடும்பத்தைத் தேர்வதற்கான காரணம், விலை உயர்ந்த பிராசசரைத் தேர்வதற்கானது அல்ல.

பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரை வாங்கி, அதில் ஒரு கார்டைச் செருகிவிடலாமே என்ற யோசனை சில ஆண்டுகளுக்கு முன்வரை கெட்டிக்காரத்தனமாக இருந்தது. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்த பிறகு அப்படிச் சொல்ல முடியவில்லை. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கிறது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும் கேட்கிறது. விண்டோஸ் 11-இல் வேலரண்ட் ஆடவும் அந்த டிபிஎம் வேண்டும். நான்காம் தலைமுறை ஐ7 என்ற பெயர் எவ்வளவு கம்பீரமாக ஒலித்தாலும் இந்த வாசலைத் தாண்டாது. பயன்படுத்திய கிராபிக்ஸ் கார்டு வேறு கதை. 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் கார்டுகளால் தோண்டும் முறையைக் கைவிட்டதும், அதைத் தோண்டிய கார்டுகள் உலகமெங்கும் சந்தைக்கு வந்தன. அவை எல்லாமே செத்தவை என்பது மிகை. பலவற்றைக் குறைந்த மின்னழுத்தத்திலேயே ஓட்டினார்கள், முதலில் தேய்வது விசிறிதான். ஆனால் அந்த வயதுக் கார்டுக்கு இன்று வாரண்டி மீதமிருக்காது. புதிய கார்டுக்கே சர்வீஸ் சென்டர் பெருநகரங்களில்தான் பெரும்பாலும் இருக்கும். கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் சென்னை ரிச்சி தெரு பாவூர்சத்திரத்திலிருந்து அறுநூறு கிலோமீட்டர். ஜிஎஸ்டி பில்லும் அதில் சீரியல் எண்ணும் இல்லாமல் வாங்கும் பாகத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி, என் கணிப்பில், ஒரே பழுதில் கரைந்துவிடும்.

மீதமுள்ளவற்றில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. எஸ்எஸ்டி எதுவானாலும் பழைய ஹார்ட் டிஸ்க்கைவிட எத்தனையோ மடங்கு மேல். கேபினட்டில் வண்ண விளக்கைவிட, முன்பக்கம் காற்று புகும் வலையும் கழற்றிக் கழுவக்கூடிய டஸ்ட் ஃபில்டரும் முக்கியம். ஆனி, ஆடி மாதங்களில் அந்த ஃபில்டரை அடிக்கடி கழுவ வேண்டியிருக்கும். ரேமில் மட்டும் ஒரு நுணுக்கம். 16 ஜிபியை ஒரே குச்சியாக வாங்காமல் எட்டும் எட்டுமாக வாங்கினால், டிடிஆர்4 3200-இல் நொடிக்கு 25.6 ஜிபியாக இருக்கும் பாதை 51.2 ஆகிறது. 2025 கடைசியில், ரேம் செய்யும் ஆலைகள் செயற்கை நுண்ணறிவு சர்வர்கள் பக்கம் திரும்பியதால் விலை கடுமையாக ஏறியது; அதனால் ஒரே மூச்சில் எல்லாம் வாங்க முடியாத நிலை பலருக்கு. அப்போதும் இரண்டு முனைகளும் முதலில்: மானிட்டர், நல்ல எஸ்எம்பிஎஸ். நடுவில் உள்ளுக்குள்ளேயே கிராபிக்ஸ் கொண்ட ரைசன் 5 5600ஜி போன்ற பிராசசர். அதன் கிராபிக்ஸ் ரேமையே பங்கிட்டுக்கொள்வதால் இரண்டு குச்சி என்பது இங்கே கட்டாயம். வேலரண்ட் அதில் தாராளமாக ஓடும். கார்டைப் பிறகு வாங்கலாம். ஆனால் 5600ஜி பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0-வோடு நின்றுவிடுவதால், அப்போது எட்டு வழித்தடத்துக்குக் குறைந்த கார்டை யாராவது மலிவாகக் காட்டினால் வாங்கக் கூடாது.