ஆடலாமா, கூடாதா? அளந்து சொல்லும் அறிவியல்

கால்பந்தாட்ட வீரர் ஒருவரின் முழங்காலில், எலும்புகளைப் பிணைக்கும் முன் சிலுவைத் தசைநார் அறுந்துவிட்டது. அறுவைச் சிகிச்சை நடந்து ஆறு மாதங்கள் ஆகின்றன. இப்போது வலி இல்லை, வீக்கமும் இல்லை. "நான் மறுபடியும் ஆடலாமா?" என்று கேட்கிறார். மாணவ நண்பர்களே, நீங்கள் என்ன விடை கூறுவீர்கள்?

அவசரப்பட்டு "ஆடலாம்" என்று சொல்லிவிட்டால் தசைநார் மீண்டும் அறுந்துபோகக்கூடும். ஆஸ்லோ, டெலவேர் ஆய்வுக் குழுவினர் இத்தகைய 106 பேரை இரண்டு ஆண்டுகள் கவனித்து, 2016-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். ஒன்பதாம் மாதம் வரையில், ஆட்டத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏற்படும் வீதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. தொடையின் முன்புறத் தசை இரு கால்களிலும் ஏறக்குறைய சம வலிமை பெற்றிருந்தவர்களுக்கும் ஆபத்து குறைவாகவே இருந்தது.

மாதங்களை நாட்காட்டியில் எண்ணிவிடலாம். தசையின் வலிமையை எப்படி அளப்பது? இக்கேள்வியையே தம் வாழ்நாள் பணியாகக் கொண்ட பேராசிரியர்கள் இருக்கிறார்கள்.

நாடாவிலிருந்து எந்திரம் வரை

பயன்படுத்தாத தசை மெலியும். ஆகவே இரு தொடைகளின் சுற்றளவையும் அளவு நாடாவால் ஒப்பிடுவது எளிய வழி. ஆனால் கொழுப்பும் வீக்கமும் தசையின் மெலிவை மறைத்துவிடும்.

அமெரிக்க இராணுவ மருத்துவர் தாமஸ் டிலார்ம் வேறு வழி கண்டார். ஒருவர் பத்து முறை தொடர்ந்து தூக்கக்கூடிய மிக அதிக எடை எவ்வளவு? அதைக் குறித்துக்கொண்டு, வலிமை கூடக் கூட எடையையும் கூட்டினார். காயமுற்ற போர்வீரர்களுக்கு இம்முறையில் பயிற்சியளித்து, 1945-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்.

இதிலும் ஒரு குறை உண்டு. முழங்கால் மடங்கும் கோணத்துக்கு ஏற்பத் தசையின் வலிமை மாறுகிறது. ஒரே எடையைக் கொண்டு எல்லாக் கோணங்களிலும் முழு வலிமையைக் காண இயலாது. 1960-களில் ஜேம்ஸ் பெரீன் உருவாக்கிய சமவேக எந்திரம் இக்குறையைப் போக்கியது. நாற்காலியில் அமர்ந்தவரின் கணைக்காலை ஒரு நெம்புகோலுடன் கட்டுவார்கள். எவ்வளவு வேகமாக உதைத்தாலும் அது குறித்த வேகத்தை, எடுத்துக்காட்டாக நொடிக்கு 60 பாகையை, மீறாது. நீங்கள் தரும் விசைக்கு ஏற்ப எதிர்விசை எழும். ஒவ்வொரு கோணத்திலும் தசை தரும் திருப்புத்திறனை நியூட்டன் மீட்டரில் பதிவு செய்யலாம்.

எந்திரமும் ஏமாற்றும்

காலை நீட்டும்போது முன்புறத் தசை காலின் எடையையும் சேர்த்துத் தூக்குகிறது. அந்த உழைப்பு எந்திரத்தில் பதிவாவதில்லை. மடக்கும்போதோ புவியீர்ப்பு உதவுகிறது. அந்த உதவியும் பின்புறத் தசையின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது! கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் விண்டரும் அவருடைய குழுவினரும் 1981-இல் இப்பிழையைச் சுட்டிக்காட்டினர். தளர்ந்த காலின் எடை தரும் திருப்புத்திறனை முதலில் அளந்து, நீட்டும்போது கூட்டியும் மடக்கும்போது கழித்தும் சரிசெய்யலாம். வகுப்பில் நீங்கள் படிக்கும் நெம்புகோல் பாடம்தான் இங்கே பயன்படுகிறது.

நீங்களே செய்து பாருங்கள்

நண்பர்கள் மூவரிடம் தையல்காரரின் அளவு நாடாவைக் கொடுங்கள். உங்கள் முழங்கால் சில்லுக்கு 15 சென்டிமீட்டர் மேலே தொடையின் சுற்றளவை ஒவ்வொருவரும் தனித்தனியே அளக்கட்டும். ஒருவர் அளவை மற்றவர் பார்க்கக் கூடாது. மூன்றும் ஒன்றாக இருக்கின்றனவா? ஒரு சென்டிமீட்டர் வேறுபாடு வந்தால், நோயாளியின் தொடை அரை சென்டிமீட்டர் பெருத்ததை முன்னேற்றம் என்று உறுதியாகக் கூற முடியுமா?

அளவியல் ஆய்வாளர்களும் இதையே பெரிய அளவில் செய்கிறார்கள். ஒரே கருவியால் பலமுறை அளந்து, பலரைக் கொண்டும் அளந்து, பிழையின் எல்லையைப் புள்ளியியலால் கணக்கிடுகிறார்கள். அந்த எல்லையைத் தாண்டிய மாற்றத்தையே உண்மையான மாற்றமாகக் கொள்ள முடியும்.

இத்துறையில் சேர

அமெரிக்காவில் வீரர்களின் காயத்தைத் தடுப்பதும், முதலுதவி செய்வதும், மீள்பயிற்சி அளிப்பதும் தனித் தொழில். அங்கு இத்தொழிலோரின் தேசியச் சங்கம் 1950-இல் தொடங்கப்பட்டது. முனைவர் பட்டம் பெற்றுப் பேராசிரியராவோர் கற்பிப்பதோடு ஆய்வும் நடத்துகின்றனர். உடலியல், இயற்பியல், புள்ளியியல் மூன்றும் அவர்களுக்கு வேண்டும். விளையாட்டில் ஆர்வமும் கணக்கில் விருப்பமும் உள்ள உங்களுக்கு இது பொருத்தமான துறை அல்லவா?