சட்டத்தின் முதல் வரைவு

பாராளுமன்றத்தில் கையுயர்த்துவோரே சட்டத்தைப் படைக்கின்றனர் என்றெண்ணி, கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாலைவேளைகளில் அரசியல் விவாதஞ் செய்யும் அன்பர்கள், பொரளைக்கு அண்மையிலுள்ள கின்சி வீதிப் பக்கத்துக் காரியாலயமொன்றை அதிகம் கவனித்ததில்லை.

1982ஆம் ஆண்டில், சட்ட நிபுணரான கலாநிதி நீலன் திருச்செல்வம் முன்னின்று ஸ்தாபித்த இனத்துவக் கற்கைகளுக்கான சர்வதேச நிலையத்தின் காரியாலயம் அது. அந்நிலையம் அரசாங்கத்தைச் சேர்ந்ததன்று. அதற்கு அதிகாரமில்லை, வாக்குப் பலமுமில்லை. ஆயினும், பிற தேசங்கள் ஆட்சியதிகாரத்தை எவ்வாறு பகிர்ந்தன, சிறுபான்மையோரின் உரிமைகளை எவ்வாறு ரட்சித்தன என்பவற்றை ஆராய்ந்து, நூல்களாகவும் கருத்தரங்குகளாகவும் வெளிக்கொணர்ந்து, ஆட்சியாளர் தேவை நேரும்போது எடுத்தாளத்தக்க ஞானத்தை அது சேகரித்து வைத்தது. 1995இல் ஜனாதிபதி சந்திரிகாவின் அரசாங்கம் பிராந்தியங்களுக்கு அதிகாரம் பகிரும் யோசனைகளை வெளியிட்டபோது, அவற்றின் ஆக்கத்தில், பேராசிரியர் ஜீ. எல். பீரிஸுடன், அப்போது பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்த நீலனின் கையும் இருந்தது.

இத்தகைய ஸ்தாபனங்கள் அந்நியப் பணத்தில் இயங்குவன என்ற முறைப்பாடு பழையது. கணக்குக் கேட்பது நியாயமே, ஆனால் கேட்போர் அவை எழுதியவற்றையும் ஒருமுறை வாசித்திருக்கலாம்.

1999 ஜூலை 29இல், காரியாலயத்துக்குச் செல்லும் வழியில், நீலன் தற்கொலைக் குண்டுதாரியொருவரால் கொல்லப்பட்டார். அந்த யோசனைகளின் வழிவந்த அரசியலமைப்புச் சட்டமூலம் 2000 ஆகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்து, நிறைவேறாமலே கைவிடப்பட்டது.