முசிறிக்கு வந்த ரோமர்

சென்ற கோடை விடுமுறையில் என் பேரன் ஆஸ்டெரிக்ஸ் படக்கதையைக் கையில் வைத்துக்கொண்டு, "தாத்தா, ரோமர்கள் நம்ம ஊரையும் பிடிச்சாங்களா?" என்று கேட்டான். மட்டாஞ்சேரியில் மிளகு வாங்கி விற்றே காலம் கழித்தவன் நான். நம் சங்கக் குடும்பத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் பதில் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

இன்றைய பிரான்ஸ் நாட்டுப் பகுதியை ரோமர் 'கோல்' என்றனர். அங்கே பல குலத்தார் வாழ்ந்தனர். ஜூலியஸ் சீசர் கி.மு. 58 முதல் எட்டாண்டுகள் போரிட்டு அவர்களை அடக்கினார். கி.மு. 43-இல் இன்றைய லியோன் நகரம் ரோமக் குடியேற்றமாக எழுந்தது. வரியும் சட்டமும் ரோமருடையவை ஆயின. ஆனாலும் ஒரு வேடிக்கை: ரோமர் 'லுட்டீசியா' என்று அழைத்த ஊர், பாரிசி என்ற குலத்தின் பெயரால்தான் இன்று பாரிஸ்.

நம் கரையில் கதையே வேறு. கொடுங்கல்லூர் வட்டாரத்து முசிறி, சேரரின் துறைமுகம். அங்கே ரோம நாட்டுக் கப்பல்கள் வந்தது படையெடுக்க அல்ல, சரக்கெடுக்க. யவனர் பொன்னைக் கொடுத்து மிளகு கொண்டுபோனதை அகநானூற்றின் 149-ஆம் பாட்டு சொல்கிறது. இந்தியாவுக்கு ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் போய்விடுகிறதே என்று ரோம அறிஞர் பிளினி அங்கலாய்த்தார். வியன்னாவில் இருக்கும் கி.பி. 2-ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஏட்டில் முசிறி வணிகக் கடன் ஒப்பந்தமும், 'ஹெர்மபோலோன்' என்ற கப்பலின் சரக்குக் கணக்கும் உள்ளன. நம்ம கடைக் கணக்குப் புத்தகம் மாதிரிதான்! பழைய ரோம வரைபடம் ஒன்று முசிறி அருகே அகஸ்தஸ் கோயிலையும் காட்டுகிறது. அவர்களில் சிலர் இங்கே தங்கியிருக்கலாம், ஆண்டது சேரர்தான்.

வடக்கன் பறவூருக்கு அருகிலுள்ள பட்டணம் என்ற ஊரில் 2007 முதல் அகழாய்வு நடந்தது. இதுவே முசிறியின் பகுதி என்பது பல ஆய்வாளர் கருத்து. ரோமரின் ஆம்போரா சாடித் துண்டுகள், மிளகு, ஒற்றை மரத்தில் குடைந்த தோணி எல்லாம் கிடைத்தன. 2011-இல் வெளியான செய்தி என்னை உலுக்கிவிட்டது. பானை விளிம்பு ஒன்றில் தமிழ்ப் பிராமி எழுத்தில் 'அமண' என்று இருந்ததாம். 'சமணர்' என்று பொருள் என்றார் ஐராவதம் மகாதேவன். காலம் சுமார் கி.பி. 2-ஆம் நூற்றாண்டு.

ஒரு பானை ஓட்டை வைத்து ஊரையே கட்டிவிடக் கூடாதுதான். பானை எங்கிருந்தும் வந்திருக்கலாம். ஆனால் நாம் பிழைக்க வந்த இந்தக் கரைக்குத் தமிழ் எழுத்து நேற்று வந்ததல்ல என்று பிள்ளைகளிடம் தைரியமாகச் சொல்லலாம்.

பேரனிடம், "பிடிக்கலைடா கண்ணு, மிளகு வாங்க வந்தாங்க" என்றேன். அடுத்த ஞாயிறு அவனைப் பட்டணத்துக்கு அழைத்துப் போனேன். நீங்களும் ஒரு முறை குடும்பத்தோடு போய் வாருங்கள்.